மியூ தொலைந்த இடம்

ஆய்விதழ்களுக்கு டைப்செட்டிங் செய்வது எங்கள் வேலை. வெளியான கட்டுரை ஒன்றில் பிழை என்று தெரிந்ததும் மேடம் கேட்டது ஒரே கேள்வி. "மூலக் கோப்பில் என்ன இருக்கிறது?"

நான் சொன்னேன்: "கட்டுரையாளர் ப்ரூஃபைப் பார்த்து ஓகே செய்துவிட்டார், மேடம்."

பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. கட்டுரையாளர் அனுப்பிய அந்த மூலக் கோப்பு அப்போது என் திரையில்தான் திறந்திருந்தது.

வேர்டில் சிம்பல் எழுத்துருவைப் போட்டுக்கொண்டு 'எம்' தட்டினால் மியூ (μ) தெரியும்; மைக்ரோ என்பதற்கான குறி அது. கோப்பை மாற்றும்போது எழுத்துரு கழன்றால் வெறும் 'எம்' மிஞ்சும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு. டைப்செட்டிங்கில் இது பழைய வியாதி. மூன்றாம் அட்டவணையில், எலிகளுக்குக் கொடுத்த மருந்தின் அளவில் அதுதான் நடந்திருந்தது. கட்டுரை வெளியாகி இரண்டு வாரம் கழித்துக் கட்டுரையாளரே கண்டுபிடித்து எழுதினார்.

வெளியான கட்டுரையில் சத்தமில்லாமல் கை வைக்கக் கூடாது. திருத்தக் குறிப்புக்குத் தனி டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) வாங்கி, மூலக் கட்டுரையோடு இணைக்க வேண்டும். எங்கள் பிழை என்றால் அது எர்ரேட்டம். கட்டுரையாளர் பிழை என்றால் காரிஜெண்டம். என் பதிலால் அது காரிஜெண்டம் ஆயிற்று. "கட்டுரையாளர்கள் வருந்துகிறார்கள்" என்று தொடங்கும் அந்த ஆங்கில வாக்கியத்தை எக்ஸ்.எம்.எல்.லில், அதாவது இணையப் பதிப்புக்கான கோப்பில், போட்டதும் நான்தான்.

அவரும் பார்த்திருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது. நாங்கள் அனுப்பிய 14 கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதியவர், அட்டவணையை ஒருமுறை மேய்ந்திருக்க மாட்டாரா? ப்ரூஃப் அனுப்புவது எதற்கு? ஆனால் அந்த 14 கேள்விகளில் ஒன்றுகூட மூன்றாம் அட்டவணையைப் பற்றியது இல்லை. தான் சரியாக எழுதியதை நாங்கள் கெடுத்திருப்போம் என்று எவர்தான் சந்தேகப்படுவார்?

எர்ரேட்டம் போயிருந்தால் எங்கள் குழுவின் மாதக் கணக்கில் ஒரு பிழை ஏறியிருக்கும். அவ்வளவுதான், வேலை ஒன்றும் போயிருக்காது. எழுதும்போதுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிகிறது.

குறிப்பின் வரைவை அவருக்கு அனுப்பினோம். தன் கோப்பைத் திறந்து பார்த்தாரா, தெரியாது. அன்றிரவே சம்மதித்து எழுதினார்: "விரைந்து உதவியதற்கு நன்றி."

இப்போதெல்லாம் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் சிம்பல் எழுத்துருவைத் தேடிவிடுகிறேன். போன மாதம் வேறொரு கட்டுரையில் ஒரு கழித்தல் குறி விழுந்துவிட்டதாகப் புகார் வந்தது. நான் முதலில் திறந்தது மூலக் கோப்பை அல்ல, ஓகே சொல்லி வந்த மின்னஞ்சலை.