மண்ணில் சேரும் காசு
சிறு விவசாயியின் லாபம் என்றாலே விளைச்சலைப் பற்றித்தான் பேசுகிறோம், செலவு எங்கே குறையும் என்று பார்ப்பதில்லை. 100 கிலோ யூரியாவில் 46 கிலோதான் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிலும் ஒரு பங்கு காற்றிலும் தண்ணீரிலும் போய்விடும். மட்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, குறைந்த மண்ணால் அதைப் பிடித்து வைக்க முடியாது. அப்புறம் இன்னொரு மூட்டை, அதற்கு இன்னொரு கடன்.

தட்டைப்பயறுச் செடி ஒன்றைப் பூக்கும் சமயத்தில் மெதுவாகப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைக் காசில்லாமல் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, இப்படிப் பயறு விதைத்து மண்ணில் மட்கைச் சேர்த்தால் பலன் உடனே வருமா? வராது. மட்கு ஏறச் சில வருடம் ஆகும், அதனால்தான் குத்தகை நிலத்தில் பாடுபடுபவர் தயங்குகிறார், அவரைக் குறை சொல்லவே மாட்டேன், அடுத்த வருடம் அந்த நிலம் யார் கையில் இருக்கும் என்பது அவருக்கே தெரியாது.