தேக்குப் பெட்டி

கோட்டையூருக்கு அருகே ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில் பணியாற்றுகிறேன். நாளில் பாதி, நூல்களைக் கரையானிடமிருந்தும் மழை ஒழுக்கிலிருந்தும் காப்பதிலேயே கழிந்துவிடுகிறது. சென்ற மாதம் ஓர் ஆச்சி, வீட்டைப் பிரித்து விற்கப்போவதாகச் சொல்லி, தேக்குப் பெட்டி நிறையப் பஞ்சாங்கங்களையும் பர்மாக் கணக்கேடுகளையும் கொண்டுவந்து, "இதையெல்லாம் இனிமே யாருப்பா படிப்பாக?" என்று கேட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பையென ஒதுக்கிய நாடக அறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்துவைத்ததையும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்ததையும் சொன்னேன். ஆச்சி நம்பியதாகத் தெரியவில்லை. கணக்கேட்டுக்கு எந்த வகை எண் இடுவதென்று எனக்கும் விளங்கவில்லை. பெட்டி இப்போது என் மேசையடியில், வேப்பிலைக்கு நடுவே இருக்கிறது.