ஆர்கானில் எடுத்த எண்

“தம்பி, ஆர்கான்ல எடுத்த எண் நமக்கு. அவங்களுக்குக் காத்துல எடுத்ததை மட்டும் குடு.” எங்கள் சோதனைக்கூடத்தின் மூத்த உலோகவியலாளர் இதைச் சொன்னபோது அறிக்கை அச்சாகிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த அவர் எல்லோரிடமும் ஆங்கிலமே பேசுவார். என்னிடம் மட்டும், அதுவும் வாதம் முற்றும்போது, பாட்டியிடம் கற்ற தமிழுக்கு வருவார். இரண்டு எண்களையும் வாயுவின் பெயரோடு தனித்தனி வரிசையில் போட்டிருக்கிறேனே அண்ணா என்றேன். “எண்ணை எடுத்துட்டுப் போவாங்க, வாயுவை இங்கேயே விட்டுட்டுப் போவாங்க” என்றார். நான் அறிக்கையை அப்படியே அனுப்பினேன். அது சரி என்றுதான் இன்றும் பெரும்பாலான நேரங்களில் நினைக்கிறேன். மீதி நேரங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எஞ்சினின் புகைபோக்கிக் குழாய்க்கு அருகே பொருத்தும் தாங்கி (பிராக்கெட்) ஒன்றை, 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த வழக்கமான டைட்டானியக் கலவையில் செய்ய ஒரு வாடிக்கையாளர் விரும்பினார். நிலையான சுமையில் அது எவ்வளவு வேகமாக நீளும், அதாவது கிரீப் வேகம் என்ன என்பது கேள்வி. தாங்கி இயங்கப்போவது ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில். அந்த வெப்பத்தில் காத்திருந்தால் விடை வர ஆண்டுகள் ஆகும் என்பதால், 600 டிகிரியில் சோதித்து, 1952-இல் லார்சனும் மில்லரும் தந்த முறைப்படி 400 டிகிரிக்கான எண்ணைக் கணக்கிட்டுக் கீழே இறக்குவது திட்டம். ரிச்சர்ட்ஸ் பே மணலிலிருந்து டைட்டானியத் தாதுவை எடுத்து ஏற்றுமதி செய்யும் இந்த நாட்டில், சோதனைக்கான டைட்டானியக் கம்பியை நாங்கள் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்கிறோம். ஆகவே மாதிரிகள் எப்போதும் குறைவு. இருந்தவற்றில் பாதியைக் காற்றிலும் பாதியை, எளிதில் எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவிலும் ஓட்டலாம் என்று முடிவு செய்தவன் நான். வாடிக்கையாளர் ஆர்கானைக் கேட்கவே இல்லை.

காற்றில் ஓடிய மாதிரிகள் ஆர்கானில் ஓடியவற்றைவிடத் தெளிவாக வேகமாக நீண்டன. பிரேசிலில் இதே கலவையை இதே வெப்பத்தில் சோதித்து வெளியிட்டவர்களும் இதே போக்கைக் கண்டிருப்பதால் எங்களுக்கு வியப்பில்லை. ஆனால் காரணம் ஒரு வரியில் அடங்குவதில்லை. டைட்டானியத்தின் ஆல்ஃபா நிலை, அதாவது குறைந்த வெப்பத்தில் அது கொள்ளும் படிக அமைப்பு, அணுக் கணக்கில் ஏறத்தாழ 33 விழுக்காடு வரை ஆக்சிஜனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். 600 டிகிரியில் வெளியே ஆக்சைடு படலம் வளர, அதனடியில் ஆக்சிஜன் ஊறிய கடினமான மேல்தோல் ஒன்று, நாங்கள் ஆல்ஃபா கேஸ் என்பது, உருவாகிறது. கரைந்த ஆக்சிஜன் உலோகத்தை வலுப்படுத்தக்கூடியது. ஆகவே அந்தத் தோல் சுமையில் ஒரு பங்கைத் தாங்கி நீட்சியைக் குறைக்க வேண்டும் என்றுகூட வாதிடலாம். ஆனால் உலோகம் நீள நீள, உடன் நீளத் தெரியாத அந்தத் தோல் குறுக்கே வெடிக்கிறது. ஆக்சைடு பழைய சுண்ணாம்புச் சுவர்போல அடுக்கடுக்காக உதிர்ந்து புதிய உலோகத்தைக் காற்றுக்குக் காட்டுகிறது. சுமை தாங்கும் குறுக்குவெட்டு சுருங்குவதால் மிஞ்சிய உலோகத்தின்மேல் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் சுமை, ஏறி, நீட்சியின் முறிவை நோக்கிய மூன்றாம் கட்டம் முன்கூட்டியே தொடங்குகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் இந்த வேலையைப் பெரிதும் செய்வது ஆக்சிஜன்தான். நைட்ரஜன் டைட்டானியத்துக்குள் மிக மெதுவாகவே நுழைகிறது.

ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறதே, இங்குள்ள மெல்லிய காற்றில் எடுத்த எண் டர்பனுக்குப் பொருந்துமா என்று வாடிக்கையாளரின் பொறியாளர் ஒருமுறை கேட்டார். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது படலத்தின் வழியாகவும் உலோகத்துக்குள்ளும் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் என்பதால், அந்தக் குறைவு சோதனையில் தென்படாது. காற்றைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டவர் காற்று வரிசையை விட்டுவிட மாட்டார் என்று நான் நம்பியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

ஆர்கானில் எடுத்த எண்ணும் முற்றிலும் தூய்மையானதன்று. வெற்றிட அறைகளில் எஞ்சிய வாயுவைப் பிடிக்கும் பம்புகளிலேயே டைட்டானியத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், சூடான மாதிரி தன்னைச் சுற்றிய ஆர்கானில் உள்ள சிறிதளவு ஆக்சிஜனையும் ஈரத்தையும் விட்டுவைக்குமா? வாயுவை முதலில் சூடேற்றிய டைட்டானியத் துண்டுகளின் வழியே செலுத்தித்தான் மாதிரிக்கு விட்டோம். அப்படியும் மாதிரிகள் வெள்ளிபோல வரவில்லை. வெளிர் வைக்கோல் நிறம் படிந்திருந்தது. நீலமோ சாம்பலோ படிந்திருந்தால் ஒதுக்கியிருப்பேன். இந்த அளவு படலம் கிரீப் வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாது என்று எழுதி, நிறத்தையும் அறிக்கையில் குறிப்பிட்டேன்.

பிறகு அண்ணன் சொன்னபடியே நடந்தது. வடிவமைப்புக்கு ஆர்கான் எண்ணை எடுத்துக்கொண்டதாகப் பொறியாளர் தொலைபேசியில் சொன்னார். நான் எதிர்த்தேன். அவருடைய பதில் வலுவாகவே இருந்தது: தங்கள் தாங்கி இயங்கும் 400 டிகிரியில் ஆக்சிஜன் உள்ளே நுழைவது மிகக் குறைவு, 600 டிகிரியில் காற்று செய்யும் சேதத்தைக் கணக்கில் ஏற்றினால், நடக்காத ஒன்றுக்காக உலோகத்தைத் தண்டிப்பதாகும், ஆக்சிஜன் குறுக்கிடாத ஆர்கான் எண்தான் கீழே இறக்கத் தகுந்தது. உலோகவியல் முறையில் இதில் பிழை காண்பது எளிதன்று. நேர்மையாகச் சொன்னால், ஆர்கான் சோதனையை நான் திட்டமிட்டதும் ஏறத்தாழ இதே நினைப்பில்தான்.

ஆனால் அதே பேச்சில், எஞ்சினை நிறுத்தியபின் குளிர்விக்கும் காற்றோட்டம் நின்றுபோவதால் தாங்கியின் வெப்பம் சற்று நேரம் 550 டிகிரியைத் தாண்டும் என்பதையும் அவர் போகிற போக்கில் சொன்னார். சற்று நேரம் என்பது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடிக்கொண்டே போகும் நேரம். மேலும் எங்கள் மாதிரி 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை; அவர்களுடைய தாங்கி 2 மில்லிமீட்டர் தகடு. ஆக்சிஜன் இரு பக்கமும் ஊறும் தகட்டில், கெட்டுப்போன மேல்தோலின் பங்கு உருளையில் இருப்பதைவிடக் கூடுதல். அப்படியானால் அந்த வெப்பத்தில் நாங்கள் காற்றில் எடுத்த எண்கூட அவர்களுக்குச் சற்றுத் தாராளமான எண்தான். இதை விளக்கிக் கடிதம் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

காற்று எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், அவர்கள் டைட்டானியத்தையே கைவிட்டு, கனமான துருப்பிடிக்காத எஃகுக்குப் போயிருக்கலாம். அது தேவையற்ற இழப்பாகவும் இருந்திருக்கலாம். எடுத்த அளவை மறைக்க எனக்கு உரிமை இல்லை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் எடுக்காமல் இருக்க உரிமை இருந்தது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் வெற்றி பெற்றவர்போலப் பேசவில்லை. “உன் மேல தப்பு சொல்ல முடியாது தம்பி. அவங்க கேக்காத கேள்விக்குப் பதில் குடுத்திருக்க, அவ்வளவுதான்” என்றார். அப்படியானால் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்றேன். அதற்கு அவரிடமும் ஒரு எண் இல்லை. தகட்டில், காற்றில், வெப்பத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்தச் சோதனைக்கான விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறோம். ஆர்கான் வரிசையை இம்முறை நான் அதில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று இப்போது வாதிடுபவர் அண்ணன்தான்.