புயல் என்றால் உடனே சொல்கிறோம்

எங்கள் ஊர்ப் பேச்சில் 'பாத்துக்கிடலாம்' என்று ஒரு சொல் உண்டு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு இலை பத்தாது போலிருக்கிறதா, பாத்துக்கிடலாம். சீட்டுப் பணம் கட்ட நாலு நாள்தான் பாக்கியா, பாத்துக்கிடலாம். சொல்கிற குரலை வைத்தே அதில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு கவலை என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு மென்பொருள் செய்துகொடுப்பது என் வேலை. இதே சொல்லை போனில் 'வீ வில் மேனேஜ்' என்று ஆங்கிலத்தில் சொன்னதுமே அந்தக் குரல் தொலைந்துவிடுகிறது. எதிர்முனையில் ஒருவர் கூட்டக் குறிப்பில் அதை 'ஒப்புக்கொண்டார்கள்' என்று எழுதிக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கேட்டது அதுதான்.

எனக்குச் சொந்த ஊர் தோவாளை. அப்பா பூக்கடை கமிஷன் வியாபாரம். படிப்பு முடிந்ததும் இங்கே எங்களுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று: காலை ரயிலைப் பிடித்துத் திருவனந்தபுரம், அங்கிருந்து பஸ்ஸில் கழக்கூட்டம். அங்கே 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் ஐடி வளாகம் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. ஒன்பது வருஷம் அப்படிப் போய்வந்த பிறகு, நாகர்கோவிலிலேயே ஒரு நிறுவனத்தில் புராஜெக்ட் மேனேஜர் வேலை கிடைத்தது. வடசேரிக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடி. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வரலாம் என்பதே எனக்குப் பெரிய சம்பள உயர்வாகத் தெரிந்தது.

2017-இல் எங்களுக்கு வந்த பெரிய வேலை இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு கிடங்கு நிறுவனத்துடையது. பல கடைகளின் சரக்கை வாங்கி அடுக்கி வைத்து, கேட்கும்போது அனுப்பிக் கொடுக்கிறவர்கள். இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். பதினோரு பேரோடு தொடங்கினோம். தேதி நெருக்கியதும் மேலே இருப்பவர்கள் ஆள் சேர்த்துக் கொடுத்தார்கள். செப்டம்பரில் முப்பத்துநாலு பேர். தாமதமான மென்பொருள் வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய வேலைகளை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். கணக்கு எளிது. பதினோரு பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசும் வழிகள் 55. முப்பத்துநாலு பேரானால் 561. பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே ஒரு மாதம் போனது. ஆனால் எங்களை உண்மையில் சிக்கவைத்தது ஆள் கணக்கு அல்ல, பெட்டிக் கணக்கு.

பழைய மென்பொருளில் இருக்கும் சரக்கு விவரத்தைப் புதியதற்கு மாற்றுவதை டேட்டா மைக்ரேஷன் என்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புதுத் திரைகளும் பட்டன்களும்தான் மென்பொருள். எனக்குத் தெரிந்து பெரிய வேலைகள் மூச்சுத் திணறுவது இந்த மாற்றத்தில்தான். எங்கள் சோதனைக் குழுவில் குளச்சலில் இருந்து வரும் ஒரு பிள்ளை இருந்தாள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாரும் சொல்லாமலே ஐம்பது பொருட்களைத் தேர்ந்தெடுத்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கையால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அக்டோபர் மூன்றாம் வாரம் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, இது முப்பத்தாறு பெட்டியா, முப்பத்தாறு எண்ணமா?"

எண்ணம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தனித்தனி உருப்படி. அவள் காட்டியது பெட்டி ஒட்டும் டேப். பழைய மென்பொருளில் 36 என்று இருக்கிறது. பெட்டிக்குப் பன்னிரண்டு என்று பெருக்கி, எங்கள் நிரல் 432 என்று ஏற்றியிருக்கிறது. அதே டேப் வேறொரு அடுக்கில் 5 என்று இருக்கிறது. அது 60 ஆகியிருக்கிறது. அந்த ஐந்து, உடைத்த பெட்டியில் மிச்சமிருந்த தனி டேப்புகளாக இருந்தால்? அப்படியானால் இல்லாத ஐம்பத்தைந்து டேப்பை நாங்கள் கிடங்கில் அடுக்கிவைத்திருக்கிறோம். இது ஒரு பொருள். கிடங்கில் இருப்பது பல்லாயிரம்.

நான் அவளிடம் சொன்னது: "சரி மக்ளே, பாத்துக்கிடலாம்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்கு அனுப்பிய அறிக்கையில் மைக்ரேஷன் என்ற வரிக்கு எதிரே பச்சை நிறம் போட்டேன். பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் சிக்கல். பொய் சொல்லுகிறோம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளில் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவோம், அதற்குள் எதற்கு அவர்களைப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பச்சை. இப்போது மஞ்சளுக்கு மாற்றினால், போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வாரமும் உண்மையின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒப்பந்தம் மொத்தத் தொகைக்குப் பேசியது. கிளையன்ட்டின் ஆட்களே உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் யூஏடி கட்டம் டிசம்பர் 4 திங்கட்கிழமை தொடங்கினால்தான் எங்களுக்கு அடுத்த தவணைப் பணம் வரும். எங்கள் மூன்று பேர் இரவும் பகலும் அளவு வித்தியாசங்களை ஆராய்ந்து, எந்த வரி பெட்டி, எந்த வரி எண்ணம் என்று ஊகிக்கும் நிரல் ஒன்றை எழுதினார்கள். பத்தில் எட்டு சரியாக ஊகிக்கும் போலிருந்தது. மீதி இரண்டைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கி புயல்.

அந்த நாளை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் காற்று ஆரம்பித்தது. வாழைத் தோட்டங்கள் தரையோடு படுத்தன, ரப்பர் மரங்கள் இடுப்போடு முறிந்தன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் போனது, கூடவே செல்போன் கோபுரங்களும். அதைவிடப் பெரிய துயரம் கடலில் இருந்தது. எச்சரிக்கை வந்து சேரும் முன்பே தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்த மீனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. குளச்சல் பிள்ளையின் தாய்மாமாவும் அப்படிப் போனவர்களில் ஒருவர்.

வெள்ளிக்கிழமை காலை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் நாலு இடத்தில் இறங்கி, கிளைகளுக்கு அடியில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனேன். வள்ளியூரைத் தாண்டிய பிறகுதான் போனில் கோடு வந்தது. ஒரு டீக்கடை ஓரமாக நின்று கிளையன்ட்டின் மேனேஜரை அழைத்தேன். எங்களுக்கு மணி இரண்டு, அவர்களுக்குக் காலை எட்டரை.

அந்த அம்மா முதலில் கேட்டது, எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா என்று. இரண்டு பேரைப் பற்றி இன்னும் தெரியவில்லை, ஒருவர் வீட்டுக் கூரை போய்விட்டது, எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. அவர் யோசிக்கவே இல்லை. யூஏடியை ஜனவரிக்குத் தள்ளிவைப்போம், கிறிஸ்துமஸ் நேரத்தில் எப்படியும் கிடங்கில் கை வைக்க முடியாது, முதலில் உங்கள் வீடுகளைப் பாருங்கள் என்றார்.

அங்கேயே போனை வைத்திருக்கலாம். ஆறு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த அவகாசம் கையில் வந்து விழுந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் மாமா கடலில் கிடக்கிறார். அந்தப் புயலுக்குப் பின்னால் என் எக்செல் ஷீட்டைக் கொண்டுபோய் ஒளித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. "இன்னொரு விஷயம் இருக்கிறது, அது புயலால் வந்ததல்ல" என்று ஆரம்பித்து, பெட்டியும் எண்ணமும் கலந்து கிடப்பதைச் சொன்னேன்.

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு "தட்ஸ் நாட் ஐடியல்" என்றார். அவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், ஓர் ஆங்கிலேயர் இதைச் சொன்னால் கடுமையான கோபத்தில் இருக்கிறார் என்று பொருள். நம்முடைய 'பாத்துக்கிடலாம்' அவர்களுக்குப் புரியாதது போல, இதுவும் நமக்கு ரொம்ப நாள் புரிவதில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். அக்டோபர் மூன்றாம் வாரம் என்றேன். வேலையில் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவை வேறில்லை.

அடுத்த வாரம், திருநெல்வேலியில் ஒரு லாட்ஜ் அறையில் நாலு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தபோது, அவர் கிடங்கின் இரவு ஷிப்ட் சூப்பர்வைசரை அழைப்பில் சேர்த்தார். அறுபதை நெருங்கும் மனிதர். நாங்கள் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள், "அந்த ரிமார்க்ஸ் கட்டத்தில் எல் இருக்கா பாருங்கள்" என்றார். இருந்தது. பெட்டியை உடைத்தால் அதற்குப் பிறகு வரும் எண்ணைத் தனியாக ஏற்றிவிட்டு, ரிமார்க்ஸ் கட்டத்தில் ஓர் 'எல்' தட்டுவது அவர்கள் வழக்கமாம். லூஸ் என்பதற்கு எல். எந்த ஆவணத்திலும் அது எழுதப்படவில்லை. அவர்களுடைய ஐடி மேலாளருக்கே தெரியாது. நாங்கள் அந்தக் கட்டத்தை, உபயோகமில்லாத குறிப்பு என்று முதல் வாரமே ஒதுக்கிவைத்திருந்தோம்.

பத்து நிமிடப் பேச்சு. அதை நான் ஆறு வாரம் மூடிவைத்திருந்தேன். மூன்று பேரின் தூக்கத்தைத் தின்று எழுதிய ஊகிக்கும் நிரலை அன்றைக்கே தூக்கிப் போட்டோம். எல் தட்ட மறந்த வரிகளும் இருந்தன; அவற்றைக் கிடங்கில் ஆளை வைத்து நேராக எண்ணிச் சொல்கிறோம் என்று அவர்களே முன்வந்தார்கள். தவணைப் பணம் தள்ளிப்போனதற்கு எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். கேட்க அவருக்கு நியாயம் இருந்தது.

இத்தனை வருஷம் கழித்தும் நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான். இரண்டுமே தாமதம்தான், இரண்டும் கிளையன்ட்டின் தேதியைத் தள்ளியவைதான். புயலால் வந்ததை, பைக்கைத் தள்ளிக்கொண்டு போயாவது மறுநாளே சொன்னேன். நம்மிடமிருந்து வந்ததை ஆறு வாரம் விழுங்கினேன். காற்று செய்ததற்கு நமக்கு வெட்கமில்லை. நமக்குத் தெரியாமல் போனதற்கு வெட்கம். கிளையன்ட்டுக்கோ இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அவர் கேட்பது, எப்போது சொன்னாய் என்பதை மட்டும்தான்.

அப்பாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். ஓணத்துக்கு முந்தின வாரம் தோவாளைச் சந்தை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்குள் கேரளத்துக்குப் போகும் வண்டிகள் நிற்கும், பிச்சியும் அரளியும் சம்பங்கியும் மலை மாதிரி குவியும். சின்ன வயதில் ஒரு ஓணத்துக்கு, திருவனந்தபுரம் வியாபாரி ஒருவரிடம் ஐம்பது கிலோ பிச்சிக்கு அப்பா அட்வான்ஸ் வாங்கியிருந்தார். மழையில் மொட்டு உதிர்ந்துபோனது. மூன்று நாள் முன்பே டெலிபோன் பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், "முதலாளி, இருபது கிலோதான் தேறும், மீதியை வேற எடத்துல சொல்லிக்கிடுங்க" என்று சொன்னார். அந்த ஆள் கத்தியது ரிசீவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. அப்பா கடைசிவரை அவரோடு வியாபாரம் செய்தார். என் கதையைக் கேட்டுவிட்டு அப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ள வந்து சொன்ன அன்னைக்கே அவங்ககிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

இப்போது எங்கள் வாராந்திர அறிக்கையில் நிறத்துக்கு முன்னால் ஒரு பத்தி வருகிறது: இந்த வாரம் எங்களுக்குத் தெரியாதவை. அதில் ஒன்றும் இல்லை என்று எந்தக் குழுத் தலைவராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வாரத்தில் தெரியாதது ஒன்றுமே இல்லை என்பதை நான் நம்புவதில்லை. புது கிளையன்ட்டோடு ஒப்பந்தம் பேசும்போதே, உங்கள் பக்கம் இந்த மென்பொருளில் தினமும் விரலால் தட்டுகிறவர் ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தர வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன். மேலாளர்கள் வேண்டாம் என்பதில்லை. ஆனால் 'எல்' எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அப்புறம், பிள்ளைகள் சிக்கலைக் கொண்டுவரும்போது முதலில் என் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் கவனிக்கப் பழகிக்கொண்டேன். அதைக் கற்கத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது.

குளச்சல் பிள்ளையின் மாமாவின் படகு லட்சத்தீவில் கரை ஏறியிருந்தது. செய்தி வந்து, ஒன்பது நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அதே போட்டில் போன இன்னொருவரைப் பற்றி அவள் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2018 பிப்ரவரி 24, சனிக்கிழமை இரவு பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை மாற்றிப் போட்டோம். எங்களுக்கு மணி பதினொன்றரை, அங்கே மாலை ஆறு. கிடங்கில் சூப்பர்வைசர் ஒரு கையில் ஸ்கேனரும் காதில் போனுமாக அடுக்கு அடுக்காக நடந்து, எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் இங்கே திரையோடு சரிபார்த்தாள். மூன்று வரிகள் ஒக்கவில்லை; மூன்றையும் அந்த நிமிடமே எல்லோரும் பார்க்கும் பட்டியலில் ஏற்றினோம். கடைசியில் டேப் இருக்கும் அடுக்குக்கு வந்தார். "லூஸ், ஃபைவ்" என்றார்.

"அஞ்சு எண்ணம்" என்றாள் அவள், தமிழிலேயே. பிறகு சட்டென்று நினைவு வந்து, "ஃபைவ், கரெக்ட்" என்றாள்.