ஐப்பசிக்கு முன்னால் ஓர் ஊசி

இங்கிலாந்துக்குக் குடிவந்த பிறகு, ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில் எங்கள் பகுதி மருத்துவரின் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவள் என்பதால், ஃப்ளூ காய்ச்சல் வந்தால் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் நான் இருக்கிறேனாம். அக்டோபரில் தடுப்பூசியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாமாம். விஷயம் அவ்வளவுதான். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

மதுரையில் என் இழைப்பு வாசற்படி தாண்டாத விஷயம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் இன்ஹேலர்தான் பீரோவுக்குள் போகும். "பெண்ணுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, வேறொன்றும் இல்லை" என்று அத்தை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். கணவரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பிறகும், மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் "இருமல் வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடு" என்று அம்மா காதோடு காதாகச் சொல்லி அனுப்புவார். அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த ஒன்றை, முன்பின் தெரியாத ஓர் அலுவலகம் அச்சடித்து, என் பெயர் போட்டு, தபாலில் அனுப்பியிருக்கிறது.

விசாரித்ததில் ஒன்று புரிந்தது. இங்கே 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், இதய நோயாளிகள், என்னைப் போன்ற இழைப்புக்காரர்கள், முதியோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் என்று பலருக்கும் ஆண்டுதோறும் இந்த அழைப்பு போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊசி கூட இல்லை, மூக்கில் பீய்ச்சும் மருந்து. பக்கத்து வீட்டுப் பாட்டி ஊசிக்கான நாளைச் சமையலறை நாள்காட்டியில் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கீழே குறித்து வைத்திருந்தார். யாருக்கும் இதில் ஒளிவுமறைவு இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கும் கூச்சம் விட்டுப்போனது.

ஆனால் போடுவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது கேட்டேன். ஊசி போட்ட வாரமே படுத்துவிட்டதாக விருதுநகர் அண்ணன் ஒருவர் சொன்னார். பூண்டுப்பால் போதும் என்றார் இன்னொருவர். செவிலியராக வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். "தங்கச்சி, ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கணகணக்கும், அவ்வளவுதான். பாதுகாப்பு வருவதற்கு 2 வாரம் ஆகும். அதற்குள் வேறு கிருமி பிடித்தால் பழி ஊசி மேல் விழும்." இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. வைரஸ் ஆண்டுக்காண்டு உருமாறுவதால் ஊசி முழுக் காவல் இல்லை. பரவும் வகையும் ஊசியில் இருக்கும் வகையும் நன்றாகப் பொருந்துகிற ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு நோய் முற்றும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறையும். நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அந்தக் கணக்கையும் தாண்டி என்னை முடிவெடுக்க வைத்தது அலமாரியில் இருந்த விமான டிக்கெட். அந்த ஆண்டு பிள்ளைகளின் அக்டோபர் விடுமுறையோடு தீபாவளி சேர்ந்து வந்தது. பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பு முழுக்க மூக்கொழுகும் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, அடைத்த விமானத்தில் உட்கார்ந்து, நேராகத் திருப்பரங்குன்றத்தை அடுத்த எங்கள் வீட்டில் போய் இறங்கப்போகிறோம். இறங்கியதும் பிள்ளைகள் ஏறி உட்காரும் மடி அப்பாவுடையது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்கு வரை கூடுவதாகக் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்திருந்தது. அதைப் படித்த மறுநாள் மருந்துக்கடைக்குப் போய்விட்டேன். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, இடது கையா வலது கையா என்று ஒரு கேள்வி, ஒரு பஞ்சு. மறுநாள் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போதுதான் கை கனத்தது.

அன்று இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "காய்ச்சல் வந்தால்தானே ஊசி? வருவதற்கு முன்னால் எதற்கு ஊசி?" என்று கேட்டார். பிறகு அவருடைய ஆயுதங்களை வரிசையாக எடுத்து வைத்தார்: மிளகு ரசம், தூதுவளைத் துவையல், நொச்சி இலை போட்டு ஆவி, நிலவேம்புக் குடிநீர். இவற்றை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். மூக்கடைத்த இரவுகளில் நொச்சியும் கம்பளியும் எனக்குத் தந்த நிம்மதி பெரியது. ஆனால் வந்த பிறகு ஆறுதல் தருவது ஒன்று, வராமல் தடுப்பது ஒன்று. அதை அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "முட்டை சேர்ந்ததா?" பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துத்தான் தயாராகின்றன. எனக்குப் போட்டது செல்களில் வளர்த்த வகை. ஊரில் கிடைப்பது முட்டை வகை. உள்ளதைச் சொன்னேன். "சஷ்டி விரதம் முடியட்டும், பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. நாலரை மணிக்கு இருட்டுவதும், வெளியே கிளம்ப மூன்று அடுக்குத் துணி மாட்டுவதும், தூறலை யாரும் மழை என்றே சொல்லாததும் எனக்குச் சாதாரணமாகிவிட்டன. என்றாலும் அக்டோபரில் ஜன்னல் நனைந்தால் மனம் சிம்மக்கல்லுக்குப் போய்விடுகிறது. வைகைக்கு மேலே கறுத்து நிற்கும் ஐப்பசி வானம், ஏ.வி. பாலத்தில் நகராத பஸ், விளக்குத்தூண் பக்கம் தீபாவளித் துணிக்கடைகளில் தலையும் தோளுமாக ஜனம், கால்சட்டை நனைந்த அப்பா வாங்கித்தரும் ஒரு டம்ளர் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கும்போது பாதிச் சளி போய்விட்டதாகவே தோன்றும். இங்கே சூடான பானம் என்று என்னென்னவோ விற்கிறார்கள். எதிலும் சுக்கு இல்லை.

அந்த மழைக்காலம்தான் தமிழ்நாட்டில் ஃப்ளூவின் காலமும். வட இந்தியாவிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவமழையோடு அது பரவுகிறது. நமக்கோ வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தீபாவளி, சஷ்டி, கார்த்திகை என்று கூட்டம் கூட்டமாக நாம் கூடுகிற மாதங்கள் அவை.

அந்த ஆண்டு அம்மாவோடு திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போயிருந்தேன். கந்த சஷ்டிக்குக் காப்புக் கட்டியவர்கள் ஆறு நாளும் கோயிலிலேயே தங்குவார்கள். மண்டபத்தில் பாயோடு பாய் ஒட்டி, தூணுக்குத் தூண் ஈரச்சேலை கட்டி, பெரும்பாலும் அம்மா வயதுப் பெண்கள். வெளியே சாரல். ஒரு மூலையில் ஒருவர் இருமத் தொடங்கினால், கவசம் சொல்லும் குரல்களுக்கு நடுவே அது பாய் பாயாக நகர்ந்து இந்த மூலைக்கு வந்துசேரும். பட்டினி கிடக்கிற உடம்பு. மாத்திரைகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பாட்டி, அதில் எது சர்க்கரைக்கு, எது ரத்தக்கொதிப்புக்கு என்று நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பிரிட்டனில் இருந்திருந்தால் அவர் பெயருக்கும் ஒரு கடிதம் போயிருக்கும். அந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. சூரசம்ஹாரம் முடிந்து வீடு திரும்பிய அம்மா கார்த்திகை முழுக்க இருமினார். நான் இங்கே உட்கார்ந்து தொலைபேசியில் அந்த இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு புரட்டாசி பிறந்ததும் தம்பியை இறக்கிவிட்டேன். முதல் மருந்துக்கடையில் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். அடுத்த கடையில், சொன்னால் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். அப்பா வழக்கமாகப் போகும் மருத்துவரோ "விருப்பப்பட்டால் போடலாம்" என்றார். சர்க்கரையும் ஸ்டென்ட்டும் உள்ள எழுபது வயதுக்காரர் எதை வைத்து விருப்பப்படுவார்? போடச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை இல்லையா? ஒருவழியாக ஊசி கிடைத்தபோது, பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் எந்தெந்த வைரஸ் வகைகள் சேர வேண்டும் என்று பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் தனித்தனியாகப் பரிந்துரைக்கிறது. எந்தப் பருவத்துக்கானது என்று பெட்டியிலேயே இருக்கும். தம்பி வாசித்தது காலாவதிக்கு நெருங்கிய பழைய சரக்கு. திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது வரும்வரை காத்திருந்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோனான். ஓர் ஊசி இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. சம்பாதிக்கிற எனக்கு இலவசம், ஓய்வூதியத்தில் வாழும் அவர்களுக்கு விலை. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

தமிழ்நாட்டில் இப்படி அழைத்து இலவசமாக ஊசி போட முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீடு தேடி வந்து மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியது. எங்கள் தெருவிலேயே தன்னார்வலப் பெண் ஒருவர் பையோடு வந்து, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு என்று குறிப்பேட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ஆகப் பட்டியல் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆகச் செவிலியரும் குளிர்பெட்டியும் இருக்கின்றன. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. அதனால் அந்தக் குறிப்பேட்டில் பெயர் உள்ள யாருக்கும் ஐப்பசிக்கு முன்னால் அழைப்பு வருவதில்லை. பிறந்த குழந்தையைத் தேடிவந்து ஊசி போடுகிற அரசு, மழைக்காலத்தில் தாத்தா பாட்டியையும் ஒருமுறை கூப்பிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்ததில் என் பங்கு குறைவு. வீடியோ அழைப்பில் அவர் சேலையைச் சரிசெய்தபோது இடது மேற்கையில் அந்த இரண்டு வட்டத் தழும்புகள் தெரிந்தன. ஓரம் சுருங்கி, நடுவில் பள்ளம் விழுந்த, பழைய அம்மை குத்திய தழும்புகள். அது எப்போது குத்தியது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் பிள்ளைகள் எல்லாம் வைக்கோல் படப்புக்குள் ஒளிந்துகொள்வார்களாம். தாத்தாதான் ஒவ்வொருவராகக் காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவாராம். கடைசித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்ததையும், அந்த வீட்டுப் பிள்ளை பிறகு பள்ளிக்கு வராததையும் சொன்னார். இந்தியாவில் பெரியம்மை 1975இல் கடைசியாக வந்தது. 1977இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். சொல்லி முடித்த அம்மா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "ஆபத்துக்குப் பாவம் இல்லை. முட்டையோ என்னவோ, விரதத்துக்கு முன்னாலேயே போட்டுவிடச் சொல்" என்றார்.

போட்ட பிறகு வந்த சந்தேகங்கள்தான் அதிகம். அன்றைக்குத் தலைக்குக் குளிக்கலாமா, கத்தரிக்காய் சேர்க்கலாமா, தீபாவளிக்கு நல்லெண்ணெய் தேய்க்கலாமா என்று பக்கத்து வீட்டு மதினி வரை வந்து கேட்டார்கள். எல்லாம் செய்யலாம் என்று யாழ்ப்பாணத்து அக்காவிடம் கேட்டுச் சொன்னேன். அந்த மதினிக்கும் சர்க்கரை உண்டு. விலையைக் கேட்டதும் "அடுத்த வருஷம் பார்ப்போம் தாயி" என்று நகர்ந்துவிட்டார்.

அதனால்தான் இந்த ஆண்டு மனு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுப்பதற்காக நான் இங்கிருந்து நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா அதைப் பார்த்து "பாப்பா, அதிகாரி ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார்" என்று சொல்லி, பிரிட்டனைப் பற்றிய பத்திகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மூன்றே கோரிக்கைகளாகச் சுருக்கியிருக்கிறார். வீடு தேடி வரும் மாத்திரைப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் புரட்டாசி முடிவதற்குள் ஊசி; அறுபது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூன்றாவதை அம்மா சொல்லச் சொல்ல எழுதினாராம்: சஷ்டிக்குக் காப்புக் கட்டுவதற்கு 2 வாரம் முன்னதாகத் திருப்பரங்குன்றத்தில் ஒரு முகாம். கீழே கையெழுத்துப் போட்டவர்களில் முதல் பெயர் மதினியுடையது. தம்பி திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டான்.