பாலைக் கொட்டிய காலையும் பவுலின் முள்ளும்

இந்த வருடம் லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், தொடங்கியபோது, 40 நாளும் யாரிடமும் கோபப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். மூன்றாம் நாள் காலையிலேயே, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மகன் பாலைக் கொட்டிவிட, கத்தித் தீர்த்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று ராத்திரி ஜெபிக்க வாயே வரவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? அப்புறம் வேதாகமத்தில் ரோமர் 7-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று அப்போஸ்தலர் பவுல் அங்கே புலம்புகிறார், அத்தனை சபைகளை நாட்டிய மனிதர். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக 2 கொரிந்தியர் 12-இல் படிக்கிறோம். “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. அந்த முள் என்னவென்று பவுல் சொல்லவே இல்லை. அதனால்தானோ என்னவோ, என் கோபத்தையும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இத்தனை வருடமும், முதலில் நான் திருந்திவிட்டு அப்புறம் ஆண்டவரிடம் போகலாம் என்றே இருந்திருக்கிறேன். இப்போது கோபம் ஏறும்போதே, “ஆண்டவரே, என்னால் முடியவில்லை, நீர் பிடித்துக்கொள்ளும்” என்று மனதுக்குள் சொல்கிறேன். சில நாள் அடங்குகிறது, சில நாள் இல்லை. அடங்காத நாளில் மகனிடம் போய் மன்னிப்பு கேட்கிறேன். முன்பெல்லாம் அதைச் செய்ததே கிடையாது. நேற்று கேட்டபோது, “பரவாயில்லப்பா” என்று சொல்லிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.