வடக்கே பார்த்து நிற்கும் இரவுகள்

வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று கேட்டே வளர்ந்தவர்கள், கனடாவின் யெல்லோநைஃபுக்குக் குடிவந்தபின் ராத்திரி முழுக்க வடக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம், வானில் ஆடும் அரோரா என்ற துருவ ஒளிக்காக. முதல் தடவை மனசு சுருங்கித்தான் போகும். படங்களில் பார்த்த பச்சை எங்கே? வானத்தில் இருப்பது விறகடுப்புப் புகைபோல வெளுத்த ஒரு கோடு. கிளம்பிவிடாதீர்கள். மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமராவுக்குப் பிடிபடும். ஒளி வலுத்து ஆட ஆரம்பித்தால் வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும். அடிவிளிம்பில் சில நேரம் இளஞ்சிவப்பும் ஓடும்.

நிற்பதற்கு ஏரியைவிட நல்ல இடமில்லை. மரம் மறைக்காது, நாலு திசையும் திறந்து கிடக்கும். நம் ஊரில் ஏரி என்றால் மதகு, கரை, கோடையில் பாளம் பாளமாக வெடித்த களிமண். இங்கே கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீட்டர் ஆழம். குளிரில் உறைந்து கிடக்கும் அதன் மேல்தான் நடக்கிறோம். ஒருவர் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி 15 செ.மீ. கனமாவது வேண்டும். பால்போல வெளுத்த கட்டிக்குப் பாதி பலம்தான், எனவே இரு மடங்கு கனம் பாருங்கள். ஓடை வந்து கலக்கும் இடத்துப் பக்கமே போகாதீர்கள். காலடியில் 'டும்' என்று முழங்கினால் பதற வேண்டாம். குளிருக்குக் கட்டி விரிசல் விடும் சத்தம் அது.

படம் எடுக்க, வானத்தை அகலமாகப் பிடிக்கும் 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600இலிருந்து 3200 வரை. ஒளி சோம்பலாகக் கிடந்தால் ஷட்டரை 8 முதல் 10 விநாடி திறந்து வையுங்கள், துள்ளி ஆடினால் 2 விநாடி போதும். நீட்டினால் ஒளியின் திரைச்சீலை மடிப்பெல்லாம் கரைந்து பச்சைக் குழம்பாகிவிடும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றியே ஆக வேண்டும். இல்லையேல் படத்தின் நடுவே வட்ட வட்டமாகக் கோடு விழும். திரையை நம்பாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

உதிரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். மைனஸ் 30இல் சார்ஜ் மடமடவென்று இறங்கும். லென்ஸுக்கு நேரே மூச்சு விட்டால் அது அங்கேயே உறைபனியாகப் படியும், துடைத்தாலும் போகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விடுங்கள். இந்தக் குளிர் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறோம். ஆனாலும் டிரைபாடின் உலோகக் காலில் கையுறை இல்லாத விரல் பட்டுச் சுரீரென்று இழுக்கும்போது, மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு 'என்னா பனி' என்று கோலப்பொடியோடு வாசலுக்கு வந்தவர்கள் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

உண்மையில் கேமராவைக் கெடுப்பது இந்தக் குளிரல்ல, வீட்டுச் சூடு. ஏசி காரிலிருந்து சென்னை வெயிலில் இறங்கினால் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே கணக்கு. ஆனால் இங்கே வித்தியாசம் 50 டிகிரி. அதிலும் நம் வீட்டில் சோறு வடித்த ஆவியும் ரசம் கொதித்த ஆவியும் நிற்கும். உறைந்த கேமராவோடு நேரே உள்ளே போனால் லென்ஸுக்குள்ளேயே நீர் கோக்கும். 'இன்னும் நாலு படம்' என்று அதை மறுபடி வெளியே கொண்டுபோனால் அந்த நீர் கட்டியாகி ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆசையாகச் சேர்த்து வாங்கிய கேமரா ஒரே இரவில் இப்படிப் போவது வயிறெரிகிற விஷயம்.

அதனால் ஏரியிலேயே, கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடுங்கள். அதைக் கேமரா பைக்குள் வைத்து, வீட்டில் ஹீட்டருக்குத் தள்ளி, கதவோரமாக மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். ஈரம் கவரின் வெளிப்புறத்தில்தான் படியும். அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.

பையை மூடும் முன் மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நள்ளிரவு தாண்டினால் ஊரில் நண்பகல் தாண்டியிருக்கும். அம்மா சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்க்கும் முன் படம் போய்ச் சேர்ந்துவிடும்.